சி.டி.எச். ரோட்டின் மறுமுனை

பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று மேற்கே போகும் சாலையை எங்கள் பக்கத்தில் யாரும் எண்ணால் சொல்வதில்லை. அது சி.டி.எச். ரோடு. தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் பார்க்கப் போகிறவர்கள், டாங்கித் தொழிற்சாலை ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அதில் தங்கள் ஸ்டாப் வரை போய் இறங்கிவிடுவார்கள். சாலை திருவள்ளூரோடு முடிந்துவிடுவதாகத்தான் பலருக்கு நினைப்பு. அது திருத்தணியைத் தாண்டி, பொன்பாடியில் மாநில எல்லையைக் கடந்து, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி வரை போகிறது.

எல்லைப்புறம் என்றால் நம் மனத்தில் வாகாவும் கார்கிலும் வரும். அம்பத்தூரில் குடியிருக்கும் எனக்கு நூறு கிலோமீட்டருக்குள் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு வேலி கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஆறோ மலையோகூடக் கிடையாது. டெல்லியில் 1959-ல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் அட்டவணையில் கிராமங்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்கள்தான் எல்லை. அதற்குப் பிறகு நாடாளுமன்றம் கொண்டுவந்த எத்தனையோ சட்டங்கள் மாநிலத்தை அலகாக வைத்து எழுதப்பட்டவை. நாட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு அது உறைக்காது. பொன்பாடியில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் உறைக்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான் ஆவடியில் திருத்தணி லோக்கல் பிடித்தேன்.

ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. யு.என். தேபர் தலைமை. சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்துக்காக வரலாற்றுப் புத்தகங்கள் அந்த மாநாட்டை நினைவில் வைத்திருக்கின்றன. எனக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் முக்கியம். ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் அப்போது விசாரணையில் இருந்தது. இதே தண்டவாளத்தில் சற்று மேற்கே இருக்கும் திருத்தணி அந்த மாநாட்டு நாட்களில் ஆந்திர மாநிலத்து ஊர்.

அது அப்படி ஆன கதை 1911-ல் தொடங்குகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து ஆங்கில அரசு சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த திருத்தணி சித்தூருக்குப் போயிற்று. எல்லாம் ஒரே சென்னை மாகாணம் என்பதால் அன்றைக்கு அது கலெக்டர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டுமே. 1952 டிசம்பர் 15 அன்று மயிலாப்பூரில், தனி ஆந்திர மாநிலம் கேட்டு இருந்த உண்ணாவிரதத்தில் பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டார். நான்கு நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் அந்த மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுதாக அதற்குள் போய்விட்டது. கலெக்டர் அலுவலகத்துக்காகப் போட்ட கோடு மாநிலக் கோடாக மாறிவிட்டது. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் இருந்த தமிழர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர்கள் சிலர். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், ஊர் ஊராகப் போய்த் தமிழ் வகுப்பு நடத்திய மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம். சென்னை நகரத்தை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை பெரிதாக இருந்ததால் இந்தக் கிராமங்களின் குரல் டெல்லிக்கு எட்டவே நாளாயிற்று. மறியல்கள் நடந்தன, சிறைகள் நிரம்பின, உயிர்களும் போயின. பிறகு எச்.வி. பட்டாஸ்கரை மத்தியஸ்தராக நியமித்தார்கள். கிராமத்தை அலகாகக் கொள்வது, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்ப்பது, நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது: இதுதான் அவர் கணக்கு. எல்லை மாற்றச் சட்டம் 1959-ல் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டு வட்டாரமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்கு செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை நாட்டின் குடியரசுத் துணைத்தலைவர். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் அவர் சொந்த ஊர் இரண்டு முறை மாநிலம் மாறியது. நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு அதற்கு இடம் தருகிறது: மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மாற்றலாம், சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதன்படி நடக்க வேண்டிய கட்டாயமில்லை. அங்கே குடியிருக்கும் மக்களின் கருத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினால் தமிழும் தெலுங்கும் சம அளவில் காதில் விழும். மலைக்குப் போகும் படிக்கட்டின் அடியில் பூக்காரம்மா தெலுங்கில் விலை சொல்லி, தமிழில் சில்லறை கேட்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிகளில் பெரும்பங்கு ஆந்திராவிலிருந்து வருபவை. முருகனுக்கு எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை.

கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் நகரிக்கு வருவீர்களா என்று கேட்டேன். “பார்டர் வரைக்கும்தான் சார். தாண்டினா பர்மிட் கேப்பாங்க” என்றார். நகரி அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். அவருடைய மாமியார் வீடு நகரியில்தான். ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்ல, அங்கேயும் மேலொப்பம் வேண்டும், அல்லது இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். ஒப்பந்தங்கள் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் இருக்கின்றன. பிரசவ வலி வந்தவரை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய ஆட்டோவை யோசித்து எழுதிய ஒப்பந்தம் எதுவும் கண்ணில் படவில்லை.

பொன்பாடி சோதனைச்சாவடியை 2017-க்கு முன்னும் பார்த்திருக்கிறேன். விற்பனை வரித் தாளுக்காக லாரிகள் மைல் நீளத்துக்கு நிற்கும். அந்த வரிசையை நம்பி டீக்கடை, பஞ்சர் கடை, இரவு இட்லிக் கடை என்று ஒரு சின்ன ஊரே பிழைத்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இ-வே பில் வந்தது. நாட்டின் நடுவில் வாழும் வியாபாரிக்கு இது வசதி, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். இட்லிக் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு அது வேறு செய்தி. இன்று போலீசும் போக்குவரத்துத் துறையும் நிற்கின்றன. அவர்கள் முக்கியமாகத் தேடுவது மூன்று: செம்மரம், சாராயம், ரேஷன் அரிசி.

தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். எல்லையைத் தாண்டிய கணத்தில் அதே அரிசிக்கு விலை வந்துவிடுகிறது. சின்னச் சின்ன மூட்டைகளாக ரயில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் வழக்கு விழுவது பெரும்பாலும் மூட்டை சுமந்தவர்கள் மேல். மதுவும் பெட்ரோலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அவற்றின் விலை எல்லையில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. ஆந்திராவில் பெட்ரோலுக்கு வரி அதிகம். அதனால் அந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கத்துப் பங்க்குகளில் நிரப்பிக்கொண்டு போகின்றன. சரக்கு எந்தத் திசையில் கடக்கும் என்பது அந்தந்த ஆண்டின் மதுக் கொள்கையைப் பொறுத்தது. ஆந்திர அரசு கடைகளைத் தானே நடத்தி விலையை ஏற்றியிருந்த 2019-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கிருந்து அங்கே போயிற்று. 2024 அக்டோபரில் அங்கே தனியார் கடைகள் வந்து 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் கிடைக்கத் தொடங்கியதும் ஆட்கள் இங்கிருந்து அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

பொன்பாடியைத் தாண்டியதும் ரயில் பாதையில் வேங்கட நரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன். பெயர்ப்பலகையே ஒரு பெட்டி நீளம் இருக்கும். அங்கிருந்து ஆந்திரா. அடுத்து நகரி.

நகரியில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அந்த வீட்டு அம்மா என்னைப் பத்திரிகைக்காரர் என்று தெரிந்துகொண்டதும் விடவில்லை. “பையனைத் திருத்தணியில படிக்க வெச்சோம் சார். எங்க அண்ணன் வீடு அங்கதான். இப்ப இங்க காலேஜ் சேக்கப் போனா நான்-லோக்கல்ங்கிறாங்க. நகரியில பொறந்த பிள்ளை எப்படி சார் நான்-லோக்கல்?”

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவில் இருக்கிறது. தெலங்கானா, ஆந்திரக் கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1973-ல் நாடாளுமன்றம் அதைச் சேர்த்தது. பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பகுதிக் கல்லூரிகளிலும் வேலைகளிலும் முன்னுரிமை வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம். அதன்கீழ் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கல்லூரி இடங்களில் 85 விழுக்காட்டை உள்ளூர் மாணவருக்கு ஒதுக்கியது. உள்ளூர் மாணவர் என்பதைப் பிறந்த இடத்தை வைத்து அது தீர்மானிக்கவில்லை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகள் அந்தப் பகுதியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஹைதராபாத்தையும் கர்னூலையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. மாமன் வீட்டில் தங்கி, சில ஸ்டேஷன்களே தள்ளி இருக்கும் பள்ளியில் படித்த பிள்ளையை அது வெளியூர்க்காரனாக்கிவிடுகிறது.

மறுபக்கமும் இதே கதைதான். பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்று பிள்ளையைத் தெலுங்கு வழியில் படிக்கட்டும் என்று எல்லை தாண்டிச் சேர்த்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அவனுக்கு இல்லை. 2020-ல் வந்த அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. இங்கேயே படித்தால் 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால் சென்னைப் பள்ளிகள் பலவற்றில் தமிழ் இன்று இருக்காது. ஆனால் எல்லைக் கிராமத்தில் தெலுங்கு வழியில் படித்து வந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தபோது, அவர்களுக்கு முறையான தமிழாசிரியர்கூடப் பல இடங்களில் இல்லை. நீதிமன்றத்துக்குப் போய் விலக்கு வாங்கினார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை அது போயிற்று. ஆந்திரப் பக்கத்தில் 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணை வந்தது. அடுத்த ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் தமிழ் வழிப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அந்த ஆணையை எழுதியவர்கள் கேட்டுக்கொண்டார்களா என்பது சந்தேகம்தான்.

இத்தனைக்கும் 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோதே நாடாளுமன்றம் இதை எதிர்பார்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 350-ஏ பிரிவைச் சேர்த்தது. கண்காணிக்க ஓர் ஆணையரையும் வைத்தது. மாநிலங்களுக்குக் குடியரசுத் தலைவர் உத்தரவிடலாம் என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. தரவில்லை என்றால் என்ன என்று அது சொல்லவில்லை.

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிதான் வாழ்க்கை. நகரியிலும் அதேதான். நூலும் ஒன்று, சாயமும் ஒன்று, உறவுக்காரர்களும் ஒன்று. இந்தப் பக்கத்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். 2023 வரை அது 750. பொங்கல் வேட்டி சேலைக்கான அரசு ஆர்டரும் உண்டு. அந்தப் பக்கத்தில் திட்டங்கள் வேறு.

திருத்தணிப் படிக்கட்டில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஊசியும் மணியும் எடுத்துக்கொண்டு திருப்பதி, காளஹஸ்தி, திருத்தணி என்று திருவிழா பார்த்துப் போகிறவர்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. அவர்களை ஆந்திராவில் நக்கல, குருவிக்காரன் என்ற பெயர்களில் 2003-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். பழங்குடியில் சேர்க்க வேண்டும் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2022 ஏப்ரலில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எங்கள் ஆவடியில் இருக்கும் நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து அவர்கள் வீட்டில் உணவு உண்டார். அந்தப் படத்தை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன.

நடுவில் போன இருபது ஆண்டுகளை யோசித்துப் பாருங்கள். புத்தூரில் வசிக்கும் அக்காவின் பிள்ளை பழங்குடி, ஆவடியில் வசிக்கும் தங்கையின் பிள்ளை பழங்குடி இல்லை. உதவித்தொகை, விடுதி, வேலை ஒதுக்கீடு எல்லாம் அந்த ஒரு தாளைப் பொறுத்தவை. அரசியல் சட்டத்தின் 341, 342 பிரிவுகள் பட்டியலை மாநிலவாரியாகத்தான் போடச் சொல்கின்றன. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமை கூடவே போகாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று இரண்டு பக்கமும் பட்டியலில் இருந்தாலும், எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்ட பெண் தன் பிறந்த வீட்டுச் சான்றிதழை வைத்து எந்தத் தாசில்தாரிடம் போவாள்? இருளர் என்ற பெயர் ஆந்திரப் பட்டியலில் இல்லை. யானாதி என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில் இல்லை. செங்கல் சூளைக்கும் மீன்பிடிக்கும் அலைகிற இந்த மக்களுக்கு ஊர் மாறுவது வாழ்க்கை முறை. நிலையாக ஓரிடத்தில் குடியிருப்பவர்களைக் கருதி எழுதிய சட்டம் அலைகிறவர்களைத் தண்டிக்கிறது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

பள்ளிப்பட்டிலிருந்து மழைக்காலத்தில் கிளம்புவது கடினம். ஆந்திரப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்து அம்மப்பள்ளி அணை நிரம்பித் திறந்துவிட்டால் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் கொசஸ்தலையாறாகப் பூண்டிக்கு வருகிறது. 2022-ல் அதே ஆற்றின் தலைப்பகுதியில், கார்வேட்டிநகரம் வட்டாரத்தில், ஆந்திரா இரண்டு அணைகள் கட்டத் திட்டமிட்டபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் அதைக் கைவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். திருத்தணி ஒரு காலத்தில் சேர்ந்திருந்த அதே கார்வேட்டிநகரம்.

நான் போனது வெயில் நாளில். பஸ் மாறி ஊத்துக்கோட்டை வந்து சேர்ந்தேன். அங்கே கண்டலேறு–பூண்டிக் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தை ஜீரோ பாயின்ட் என்கிறார்கள். 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட ஒப்பந்தப்படி, கிருஷ்ணா நதியில் சென்னைக்கு ஒதுக்கிய 15 டி.எம்.சி.யில் ஆவியாதல் போக 12 டி.எம்.சி. இங்கே வந்து சேர வேண்டும். 152 கிலோமீட்டர் ஆந்திர மண்ணில் ஓடி வந்து, இங்கிருந்து 25 கிலோமீட்டரில் பூண்டியை அடைகிறது. முதல் தண்ணீர் வந்தது 1996-ல். ஒப்பந்தத்தில் சொன்ன அளவு ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்று நம் பத்திரிகைகள் கோபமாக எழுதும். அவர்கள் கண்ணெதிரே ஓடும் தண்ணீர் அவர்கள் வயலுக்கு இல்லை என்பதையும் எழுதியிருக்கலாம்.

கால்வாய் கடைசியாகக் கடந்து வருவது சத்தியவேடு வட்டாரத்தை. 1960 மார்ச் 31 வரை செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த நிலம் அது. திருத்தணிக்குப் பதிலாக அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஜீரோ பாயின்ட் இன்னும் வடக்கே போயிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் திருடுகிறவர்களாக இல்லாமல் தண்ணீர் கேட்கும் தமிழ்நாட்டு விவசாயிகளாக இருந்திருப்பார்கள். அதே சத்தியவேட்டில்தான் 2005-ன் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு ஸ்ரீசிட்டி எழுந்தது. காலையில் எல்லையின் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. கம்பெனி பஸ்ஸுக்குப் பர்மிட் கிடைத்துவிடுகிறது.

ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் வந்து பூந்தமல்லி பஸ் ஏறினேன். பூண்டியின் தண்ணீர் இணைப்புக் கால்வாயில் செம்பரம்பாக்கத்துக்கு வந்து, அங்கே சுத்திகரிக்கப்பட்டு நகருக்குப் போகிறது. பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் குழாயைத் திறக்கிறவர்களின் வாழ்வில் அந்த எல்லைக்கு நேரடிப் பங்கு உண்டு. திருத்தணி ஆட்டோக்காரருக்கும் நகரி அம்மாவுக்கும் என்ன நடக்கிறது என்பது நம் விஷயமும்தான்.

மாநிலங்களைப் பிரித்த 1956-ன் சட்டமே இதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. மண்டல மன்றங்கள். எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்து ஆகியவற்றைப் பேசுவதற்கென்றே அவை என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தென்மண்டல மன்றம் 2021 நவம்பர் 14 அன்று திருப்பதியில் கூடியது. சி.டி.எச். ரோட்டின் மறுமுனையில். இனி நடக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று சிறிய விஷயங்களைச் சேர்க்கும்படி இரு பக்கத்து உறுப்பினர்களும் கேட்க வேண்டும். எல்லையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் ஓடும் ஆட்டோக்களுக்கு இரு மாநில பர்மிட். எல்லை தாண்டி மணமுடித்த பழங்குடிப் பெண்களின் சான்றிதழை இரு பக்கத்துத் தாசில்தார்களும் ஏற்க ஒரு நடைமுறை. எல்லை வட்டங்களில் வசிக்கும் பிள்ளைகள் எந்தப் பக்கம் படித்திருந்தாலும் அந்த ஆண்டுகளை உள்ளூர்ப் படிப்பாகக் கணக்கிடுவது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஆணையில் ஒரு திருத்தமும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரியும் வேண்டும். நகரி அம்மாவின் இரண்டாவது மகன் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் போகிறான். அவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.